நாண் இறக்கிய வில்

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில் ஒருநாள் மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். அவர் கையில் தடித்த புத்தகங்கள் இரண்டு இருந்தன. அவற்றை மேசைமேல் அவர் வைத்த விசையிலேயே உள்ளத்துச் சினம் புலப்பட்டது.

"சாமி, இதை நீங்களே பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் வெட்டும் குத்தும் இரத்தமுந்தான். என் மகன் இரவெல்லாம் கண் விழித்து இதைத்தான் வாசிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. இனி மேற்படிப்பைப் பற்றி யோசிப்பான் என்றிருந்தேன். அவனோ கொல்லிமலைக்குப் போய் வில் பழகப் போகிறேன் என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை கண்டித்துச் சொன்னால் கேட்பான்."

அந்த வீட்டில் தாய் இறந்து அப்போது எட்டுத் திங்கள் ஆகியிருந்தன. தந்தையும் மகனுமாக இருவரே அங்கு வாழ்கின்றனர். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது அரிது என்பதை நான் அறிவேன். கண்டிக்க வேண்டும் என்று வந்தவரின் கண்களில் சினத்தைக் காட்டிலும் தனிமையே மிகுதியாக இருந்தது.

"எனக்கு மூன்று வாரம் தவணை கொடுங்கள். வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவர் வியப்புற்றார். கண்டிப்பதற்கு வாசிக்க வேண்டுமா என்பது அவர் எண்ணம்.

என் பழைய பிழை

வாசிக்க வேண்டும் என்பதை நான் ஒரு தவற்றின் விலை கொடுத்துக் கற்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பங்கில் நான் பணியாற்றியபொழுது, இதே போன்று பெற்றோர் ஒருவர் தம் மகனிடமிருந்து பறித்த நாவலொன்றை என்னிடம் கொணர்ந்தார். அட்டைப் படத்தைக் கண்டேன், நடுவில் இரண்டு பக்கங்களைப் புரட்டினேன், அவ்வளவே. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அந்நூலைக் குறித்தும், அதை வாசிப்போரைக் குறித்தும் கடுமையாகப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆயினும் ஊர் சிறியது. யாரைச் சொன்னேன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் வரிசையில் இருந்த அவ்விளைஞன் எழுந்து வெளியே சென்றான். அதன்பின் அவன் ஆலயத்துக்கு வரவேயில்லை. இன்றும் வருவதில்லை என்று அவன் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எய்த அம்பை மீட்க முடியாது. ஆதலால் இம்முறை நாணைத் தொடுமுன் இலக்கு எது எனப் பார்த்துக்கொள்ள விரும்பினேன்.

நான் வாசித்த புதினம்

அந்நூல் திரு. சு. வெங்கடேசன் எழுதிய 'வீரயுக நாயகன் வேள்பாரி'. 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் இரண்டு தொகுதிகளாக அச்சேறியது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்பு மலையே அதன் களம். புலவர் கபிலர் அம்மலைக்கு ஏறி வருகிறார். அவரோடு நாமும் ஏறுகிறோம். எந்நேரமும் வடதிசை நோக்கியே அமரும் தேவாங்கு, வியத்தகு மூலிகைகள், காட்டு உயிர்களின் நுட்பம் என்று மெய்யும் கற்பனையும் பின்னிப் பிணைந்த பேருலகு ஒன்று அதனுள் விரிகிறது. மூவேந்தரின் பேராசை அம்மலையை நோக்கித் திரும்பும்பொழுது போர் மூள்கிறது. போரை ஆசிரியர் அழகுபடுத்தவில்லை. அறுபட்ட உடலை அறுபட்ட உடலாகவே காட்டுகிறார்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். இரவுச் செபம் முடித்து ஒவ்வொரு நாளும் வாசித்தேன். சில இடங்களில் நூலை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் சற்று உலவி வந்ததும் உண்டு. கதையின் போக்கு முழுவதும் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். பகைமையின் வெப்பம் இளம் உள்ளத்தைச் சுடக்கூடிய பக்கங்கள் அதில் உள்ளன. ஆனால் வாசித்து முடித்தபொழுது ஒன்று தெளிவாயிற்று. இரத்தத்துக்காக இதை யாரும் இரவெல்லாம் வாசிக்கமாட்டார்கள். தனக்குரியதை இழக்கப் போகும் ஒரு குடியின் கதை இது. எட்டுத் திங்களுக்கு முன் தாயை இழந்த பிள்ளை அதில் எதைத் தேடியிருப்பான் என்பது எனக்கு விளங்கிற்று.

நம் மறைநூலிலும் இரத்தம் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீதித் தலைவர்கள் ஆகமத்தை இறுதிவரை வாசித்தவர் எத்தனை பேர்? அதன் கடைசி அதிகாரங்களைப் பங்கு மேடையிலிருந்து வாசிக்க நானே தயங்குவேன். பாவம் செய்த மனிதனின் உண்மை நிலையை இறைவன் மறைத்து எழுதச் செய்யவில்லை.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2024ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கையொப்பமிட்ட மடல் ஒன்றில், பயிற்சியில் இலக்கியத்தின் பங்கைப் பற்றி விரிவாக எழுதினார். குருக்களாகப் போகிறவர்களை மட்டுமன்றி எல்லாக் கிறிஸ்தவர்களையும் நாவலும் கவிதையும் வாசிக்கும்படி அவர் தூண்டினார். வேறொருவரின் குரலைச் செவிமடுக்கும் பயிற்சி வாசிப்பில் கிடைக்கிறது என்பது அம்மடலின் உட்கிடை. குருப்பட்டம் பெறுமுன், 1964-65இல், அர்ஜென்டினாவில் சேசு சபைப் பள்ளியொன்றில் மாணவர்க்கு இலக்கியம் பயிற்றுவித்தவர் அவர் என்பதும் நினைக்கத்தக்கது. நான் குருமடத்தில் பயின்ற நாள்களில் நாவலைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தோம். அதே வாசிப்பைக் குருமடப் பயிற்சியின் பகுதியாகவே அம்மடல் கேட்கிறது.

ஆங்கில நாட்டில் ஒரு சிறுவன் இருந்தான். நான்கு வயதில் தந்தையையும், 1904இல் தன் பன்னிரண்டாம் வயதில் தாயையும் இழந்தான். அத்தாய் தாம் இறக்குமுன் தம் மக்கள் இருவரையும் பர்மிங்காம் நகரத்துக் குருவானவர் பிரான்சிஸ் மார்கன் அவர்களிடம் ஒப்படைத்திருந்தார். அக்குரு அவர்களைத் தம் மக்களைப் போல் பேணிப் படிக்க வைத்தார். சிறுவன் வளர்ந்தான், 1916இல் சோம் போர்க்களத்தின் சேற்றையும் சாவையும் கண்டான், பின்னர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானான். 1954-55இல் அவர் வெளியிட்ட மோதிரக் கதையை இன்று உலகமே வாசிக்கிறது. அவர்தாம் டோல்கீன், இறுதிவரை உறுதியான கத்தோலிக்கர். மாயக் கதை எழுதிய அக்கையைத் தாயற்ற காலத்தில் பற்றிக்கொண்டது ஒரு பங்குக் குருவின் கை. இதை நினைத்தபொழுது, மேசைமேல் கிடந்த அவ்விரு நூல்களும் எனக்கு விடுத்த அழைப்பாகத் தோன்றின.

ஓரியின் மலை

மூன்று வாரம் கழித்து அந்த இளைஞனை அழைத்து, "புத்தகத்தை வாசித்துவிட்டேன். இனி வில்லையும் பார்த்துவிடுவோம். என்னையும் மலைக்கு அழைத்துப் போ" என்றேன். அவன் முதன்முறையாகச் சிரித்தான்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வரும். மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், பலாவும், காப்பிச் செடிகளும், சரிவுகளில் மரவள்ளியும் சாமையும். மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் அங்கு அரசு விழா நடைபெறுகிறது. அவ்விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அப்போட்டியைக் கண்டுதான் இளைஞன் உள்ளத்தில் ஆசை முளைத்திருந்தது.

ஓரியைப் பற்றிப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் கூறும் செய்தியை நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்டிருப்பர். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கியது என்பது அச்செய்தி. இந்த வல்லமையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். பாடலின் பிற்பகுதியை மறந்துவிடுகிறோம். வேட்டுவன் யாரென்று அறியாத பாணர் கூட்டம் அவன் முன் பாடுகிறது. தன் புகழைத் தன் காதால் கேட்ட அவன் நாணுகிறான். பின்பு மான் இறைச்சியும் மதுவும் மலையில் கிடைத்த பொன்னும் கொடுத்தனுப்புகிறான். அம்பின் வலிமையை ஐந்து விலங்குகள் அறிந்தன. உள்ளத்தின் மென்மையைப் பசித்து வந்தவர்கள் அறிந்தனர்.

அத்தகைய ஓரியின் முடிவு கொடியது. திருக்கோவலூர் நாட்டு மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் என்கிறது அகநானூறு. கொன்ற காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொல்லப்பட்ட ஓரியும் அவ்வெழுவரில் ஒருவன். பறம்பின் பாரியும் அவ்வாறே. இல்லையென்னாது ஈந்த கைதான் வாளையும் ஏந்திற்று. நன்மையும் கொடுமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் என்பதைச் சொல்ல நமக்குப் புதிய நாவல் வேண்டியதில்லை. பழந்தமிழ்ப் பாட்டே போதும்.

முதல் பாடம்

மலைமேல் சமமான சிறு திடலில் இளைஞர் ஒருவர் வில் பயிற்றுகிறார். என் தலைநரையைக் கண்டு அவர் தயங்கவில்லை. 18 பவுண்டு இழுவிசையுள்ள பயிற்சி வில்லைக் கையில் கொடுத்தார். "ஓரியைப் போல் எய்ய வேண்டாம், சாமி. பத்து மீட்டர் தொலைவில் உள்ள பலகையில் பட்டால் போதும்" என்றார். ஒலிம்பிக் போட்டியில் தொலைவு 70 மீட்டர். இலக்குப் பலகையின் விட்டம் 122 சென்டிமீட்டர். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர் மட்டுமே. எனக்குப் பத்து மீட்டரே பாலைவனமாகத் தெரிந்தது.

முதலில் விதிகளைக் கற்பித்தார். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடலாகாது. விட்டால் அவ்விசை முழுவதும் வில்லையே தாக்கி முறித்துவிடும். ஒருவர் அம்பெடுக்கப் போயிருக்கும்பொழுது மற்றவர் வில்லைத் தொடலாகாது. எல்லாரும் எய்து முடித்து ஊதல் ஒலித்த பின்னரே எல்லாரும் ஒன்றாகச் சென்று அம்புகளைப் பொறுக்க வேண்டும். பின்னர் நிற்கும் முறை: தோள் இலக்கை நோக்கி, பாதங்கள் தோளகலத்துக்கு விரிந்து. நாணை மூன்று விரல்களால் பற்றுகிறார்கள். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. இச்செய்தி ஏகலைவனுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கையால் இழுக்காமல் முதுகின் தசையால் இழுக்க வேண்டும். நாண் முகவாயைத் தொடும்வரை இழுத்து அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். ஒரு விரற்கடை மாறினாலும் அம்பு ஒரு முழம் விலகும். விடும்பொழுது விரல்களை விரிக்கக் கூடாது. தளர்த்தினால் போதும், நாண் தானே போய்விடும்.

நான் எய்த முதல் ஆறு அம்புகளில் ஐந்து புல்லில் கிடந்தன. ஆறாவது பலகையின் காலைத் தொட்டது. காரணத்தைப் பயிற்சியாளர் உடனே கண்டுகொண்டார். "எய்தவுடன் எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்குகிறீர்கள். அந்தக் கணத்தில் வில் பிடித்த கை தாழ்ந்துவிடுகிறது. எய்தபின் கையைத் தாழ்த்தாமல் நில்லுங்கள். அம்பு போய்ச் சேரும்வரை உங்கள் வேலை முடியவில்லை."

முப்பது ஆண்டுக் குருத்துவப் பணியில் என்னிடம் யாரும் சொல்லாத உண்மை அது. இருபது ஆண்டுகளுக்கு முன் பிரசங்க மேடையில் நான் செய்ததும் அதுவே. சொல்லை எய்துவிட்டு, அது எங்கே தைக்கிறது என்று நிற்காமல் இறங்கிப் போய்விட்டேன்.

"வயதாகிவிட்டது, தோள் ஒத்துழைக்கவில்லை" என்று முறையிட்டேன். அவர் ஷீத்தல் தேவியின் கதையைச் சொன்னார். சம்மு-காஷ்மீரத்தின் கிஷ்த்வாரில் இரு கைகளும் இன்றிப் பிறந்த பெண். காலால் வில்லைப் பிடித்துத் தோளால் நாணை இழுத்து எய்கிறாள். 2024இல் பாரிசு நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில், 17 வயதில், ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலப் பதக்கம் வென்றாள். அதற்குப் பிறகு நான் தோளைப் பற்றிப் பேசவில்லை.

வலி என்னும் ஆசிரியர்

அன்று மாலை என் இடக்கையின் உட்புறம் கன்றிச் சிவந்திருந்தது. கைக்காப்பைச் சரியாகக் கட்டாமையால் நாண் மீண்டும் மீண்டும் அடித்திருந்தது. வலக்கை விரல்கள் எரிந்தன. இளைஞன் தன் கையையும் நீட்டிக் காட்டினான், அதே தழும்பு. "வலிக்கிறதா?" என்றேன். "வலிக்கிறது, சாமி. ஆனால் வலிப்பது நன்றாக இருக்கிறது" என்றான். எட்டுத் திங்களாக அவன் அழவில்லை என்று தந்தை சொல்லியிருந்தார்.

அம்மலையிலேயே வளர்ந்த ஒருவரைப் பற்றி அவனிடம் சொன்னேன். நம் பிரிந்த சகோதரர்களாகிய ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் இங்கிலாந்திலிருந்து வந்து கொல்லிமலையில் மருத்துவமும் கல்வியும் அளித்தவர்கள். கொடிய காய்ச்சலால் ஜெசி 1929இல் இறந்தார். அவர் மனைவி பின்னும் பல்லாண்டுகள் மலைமக்களுக்குத் தொண்டாற்றி, 1974இல் 95ஆம் வயதில் காலமானார். அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய பெரியார். தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் அவர்கள் வலியை உணராமையே என்று அவர் கண்டறிந்தார். சுடுகிறது என்று அறியாத கை நெருப்பிலிருந்து விலகாது. ஆகவே வலி இறைவனின் கொடை என்று அவர் வாழ்நாளெல்லாம் போதித்தார்.

இதைக் கேட்ட இளைஞன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவைப் பற்றி அப்பா பேசுவதே இல்லை, சாமி. பேசினால் வலிக்கும் என்று நினைக்கிறார்" என்றான். அவன் கண்ணீரை நான் துடைக்கவில்லை. வர வேண்டிய கண்ணீர் அது.

குறி தவறுதல்

பாவம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வழங்கும் 'ஹமார்த்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது அடிப்பொருள். எபிரேயச் சொல்லும் அத்தகையதே. மயிரிழையையும் தவறாமல் கவண் எறிந்த பென்யமீன் குலத்து இடக்கையர் எழுநூற்றுவரைப் பற்றி நீதித் தலைவர்கள் ஆகமம் கூறும் இடத்தில், தவறாமை என்பதைக் குறிக்க அதே வினைச்சொல்லே வருகிறது. குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். புல்லில் கிடந்த ஐந்து அம்புகளைக் குனிந்து பொறுக்கியபொழுதுதான் அதன் பொருள் உள்ளத்தில் இறங்கிற்று. தவறிய அம்பைத் திடலில் யாரும் முறித்துப் போடுவதில்லை. தேடி எடுத்து, மண்ணைத் துடைத்து, மீண்டும் நாணில் தொடுக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடப்பதும் இதுவன்றோ?

பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் எல்லா வில்களின் நாணையும் இறக்கி வைக்கச் சொன்னார். நாண் ஏறியபடியே கிடக்கும் மரவில் நாளடைவில் தன் விசையை இழந்துவிடும். இதைக் கேட்டதும் ஐந்தாம் நூற்றாண்டில் துறவி காசியன் எழுதி வைத்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அர்ச். அருளப்பர் ஒருநாள் கௌதாரி ஒன்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாராம். வேடன் கோலத்தில் வந்த ஒருவர், இத்துணைப் பெரியவர் இப்படிப் பொழுதுபோக்கலாமா என்று வியந்தார். உன் வில்லை ஏன் எப்போதும் நாணேற்றி வைத்திருக்கவில்லை என அருளப்பர் வினவினார். விசை கெட்டுவிடும் என்றார் அவர். உள்ளமும் அவ்வாறே என்று அருளப்பர் உணர்த்தினார். தூய தோமா அக்குவினாரும் விளையாட்டின் அறத்தைப் பற்றி எழுதுமிடத்தில் இந்நிகழ்ச்சியை எடுத்தாளுகிறார். பரிசுத்தமான ஓய்வும் ஒரு புண்ணியமே.

தந்தையின் கை

ஆடித் திங்களில் தந்தையையும் மலைக்கு அழைத்துச் சென்றேன். புத்தகத்தைப் பற்றி என் தீர்ப்பு என்னவென்று வழியில் கேட்டார். "நீங்கள் வாசியுங்கள். வாசித்து உங்கள் மகனோடு சண்டையிடுங்கள். இப்போது நீங்கள் இருவரும் சண்டைகூட இடுவதில்லையே, அதுதான் எனக்குக் கவலை" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

திடலில் மகன் எய்துகொண்டிருந்தான். ஊதல் ஒலித்தது. அம்புகளைப் பொறுக்க எல்லாரும் நடந்தபொழுது, ஓரமாக நின்ற தந்தையும் சென்று புல்லில் தவறி விழுந்த அம்பொன்றைத் தேடி எடுத்தார். மேல்துண்டால் துடைத்து மகனிடம் நீட்டினார். "உன் அம்மா இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று திட்டியிருப்பாள்" என்றார். "திட்டிவிட்டுப் பார்க்கவும் வந்திருப்பாள்" என்றான் மகன். இருவரும் அழுதார்கள். நான் சற்றுத் தள்ளி, ஏற்கெனவே இறக்கியிருந்த என் வில்லின் நாணை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்துள்ளான். விடுமுறையில் வரும்பொழுது மலைக்குப் போகிறோம். என் அம்புகள் இப்போது பெரும்பாலும் பலகையில் தைக்கின்றன. நடு வட்டத்தை இன்னும் நான் அறியேன்.

அன்புப் பெற்றோரே, 127ஆம் சங்கீதம் மக்களை வீரன் கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பிடுகிறது. அம்பைக் கையிலேயே இறுகப் பற்றியிருப்பவன் வில்லாளி ஆகான். கண்ணை மூடிக்கொண்டு விடுபவனும் ஆகான். உங்கள் பிள்ளை இன்றிரவு கையில் வைத்திருக்கும் புத்தகம் எதுவென்று கேளுங்கள். பறிக்குமுன் வாசியுங்கள். வாசித்தபின் பேசுங்கள். பேசியபின், சொன்ன சொல் போய்ச் சேரும்வரை கை தாழாமல் நில்லுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் என் சொல் தைத்த அவ்விளைஞனுக்கு இச்சித்திரையில் நான் கடிதம் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. உங்கள் குடும்பச் செபத்தில் அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.